தலைமுடி மருந்து: கரைசலிலிருந்து நுரைக்கு

முன்வழுக்கை விழத் தொடங்கிய பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் தலையில் தடவிக்கொள்ளும் மருந்துப் புட்டியில் ‘மினாக்சிடில் 5 சதவீதம்’ என்று அச்சிட்டிருக்கக் கூடும். தோல் அரிக்கிறது என்று கரைசலை விட்டு நுரைக்கு மாறுவார். அல்லது 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்திற்குத் தாவுவார். இரண்டு வாரம் கழித்துச் சீப்பில் முடி கூடுதலாக வந்தால், புது மருந்து கெடுத்துவிட்டது என்று எல்லாவற்றையுமே நிறுத்திவிடுவார். நிறுத்தினாலோ, மருந்தினால் முளைத்த முடியும் மூன்று நான்கு மாதங்களில் போய்விடும்! ஆகவே புட்டியை மாற்றும்போது எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு வேண்டிய பௌதிகம் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாகத்தான் வந்தது. அமெரிக்காவில் 1979-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அதை விழுங்கியவர்களுக்கு உடலில் வேண்டாத இடங்களிலெல்லாம் முடி வளர்ந்தது. பக்கவிளைவே பயனாயிற்று. தலையில் தடவும் 2 சதவீதக் கரைசல் 1988-லும், 5 சதவீதக் கரைசல் 1997-லும், நுரை 2006-லும் அங்கே அனுமதி பெற்றன. மூன்றிலும் மூலக்கூறு ஒன்றே. அதைச் சுமந்து செல்லும் திரவந்தான் வேறு.

வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் என்ன? முடியாது. ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் சுமார் 2 மில்லிகிராம் மினாக்சிடில்தான் கரையும். 5 சதவீதக் கரைசலிலோ ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் இருக்கவேண்டும். ஆல்கஹாலில் சுமார் 29 மில்லிகிராம் கரையும். புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் 75 வரை கரையும். எனவேதான் மூன்றையும் கலக்கிறார்கள்.

புரொப்பிலீன் கிளைக்கால் கிளிசரினுக்கு நெருங்கிய உறவு. ஒரு கண்ணாடித் தகட்டில் ஸ்பிரிட் ஒரு துளியும் கிளிசரின் ஒரு துளியும் விட்டுப் பாருங்கள். ஸ்பிரிட் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். கிளிசரின் மறுநாளும் அங்கேயே பிசுபிசுத்துக் கிடக்கும். ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ்; கிளைக்காலின் கொதிநிலை 188. தலையிலும் இதே கதைதான்.

இப்போது ஒரு கணக்கு. அமெரிக்காவில் விற்கும் 5 சதவீதக் கரைசலில் பாதிப் பங்கு கிளைக்கால். 2 சதவீதக் கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிலிட்டர் தடவி, ஆல்கஹாலும் தண்ணீரும் பறந்துவிட்டன என்று கொள்வோம். முதலாவதில் 50 மில்லிகிராம் மருந்து அரை மில்லிலிட்டர் கிளைக்காலில் நிற்கும். இரண்டாவதில் 20 மில்லிகிராம் 0.2 மில்லிலிட்டரில் நிற்கும். வகுத்துப் பாருங்கள்: இரண்டிலும் செறிவு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமே! 75-ஐத் தாண்டிவிட்டதால் மிகுதி மெல்ல மெல்லப் படிகமாக வெளிவரும். தலையில் வெள்ளைத் துகள் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே பொடுகு அன்று.

தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களாலான படலம் ஒன்று, காகிதத்தை விட மெல்லியதாய், காவல் நிற்கிறது. அதன் வழியே மருந்து பரவும் வேகம் இரு பக்கச் செறிவுகளின் வேறுபாட்டைப் பொறுத்தது. 1855-இல் ஜெர்மானியரான அடால்ப் ஃபிக் வகுத்த விதி இது. கரைந்திருக்கும் மருந்துதான் உள்ளே போகும். படிகம் வாசலிலேயே நிற்கும். ஆகவே 5 சதவீதம் என்பது 2 சதவீதத்தைப்போல் இரண்டரை மடங்கு வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. 393 ஆண்களைக் கொண்டு 48 வாரங்கள் நடத்திய ஓர் ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. 5 சதவீதத்தில் முடி வளர்ச்சி 45 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். மருந்து 2.5 மடங்கு, பலன் 1.45 மடங்கு. இதற்குத் தோல் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். மயிர்க்காலில் உள்ள ஒரு நொதிதான் மினாக்சிடிலைச் செயல்படும் வடிவத்திற்கு மாற்றுகிறது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இனி நுரை. இதில் கிளைக்கால் இல்லை. கரைசல் தடவியவர்களில் பலருக்கு வரும் அரிப்புக்கும் சிவப்புக்கும் காரணம் மருந்தன்று, கிளைக்கால்தான். அத்தகையோருக்கு நுரை உண்மையான விடுதலை. அரிப்பு நுரையிலும் தொடர்ந்தால் மருந்தே ஒவ்வாமல் இருக்கலாம், மருத்துவரிடம்தான் போகவேண்டும். நுரை உடற்சூட்டிலேயே உருகிவிடும். ஆதலால் விரலைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். டப்பாவில் அழுத்தி அடைத்திருப்பது பியூட்டேன் போன்ற எரிவாயு. அடுப்பங்கரைக்கும், வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்கும் அது ஆகாது. அளவில் மாற்றமில்லை: ஒரு கிராம் நுரையில் இருப்பதும், ஒரு மில்லிலிட்டர் 5 சதவீதக் கரைசலில் இருப்பதும் 50 மில்லிகிராமே.

சரி, சீப்பில் வந்த முடி? தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து, பிறகு விழும். நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. இன்று விழும் முடியின் விதி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. போன வாரம் வாங்கிய டப்பாவின் மேல் பழி போடுவது நியாயமா? மருந்து தொடங்கும்போது சில வாரங்கள் உதிர்வு கூடுவதுண்டு. ஓய்ந்திருந்த மயிர்க்கால்கள் விழித்துப் புதுமுடியை வளர்க்க, பழைய முடி இடம் விடுகிறது. முடி வளர்வதோ மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். நான்கு மாதத்திற்கு முன் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் அவசரம். அந்த நான்கு மாதத்தில் எண்ணெய், ஷாம்பு, சத்து மாத்திரை என்று இன்னும் நான்கை மாற்றினால் எது எதைச் செய்தது என்று யார் சொல்வது? மாதந்தோறும் அதே விளக்கின் கீழ் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் போதும்.

அளவை மும்மடங்காக்கினால் விரைவில் பலிக்கும் என்பாரும் உண்டு. தடவியதில் சுமார் 1.4 சதவீதம் இரத்தத்தில் கலக்கிறது. இது இரத்த அழுத்த மருந்து என்பதை மறக்கலாமா? 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இதைத் தாமாகத் தொடவே கூடாது, உங்களுக்குத்தான் சொல்கிறேன். வீட்டில் பூனை இருந்தால் அது நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இது கொடிய நஞ்சு.

வினா: 2 சதவீதக் கரைசலை ஒரு மில்லிலிட்டர் தடவி வந்தவர், 5 சதவீதம் வாங்கி, சிக்கனமாக அரை மில்லிலிட்டர் தடவுகிறார். அவருக்குக் கிடைக்கும் மருந்து முன்பைவிடக் கூடுதலா, குறைவா? ஆல்கஹாலும் தண்ணீரும் பறந்த பின் தலையில் நிற்கும் கிளைக்கால் எவ்வளவு? அரிப்பு கூடுமா?