கட்டி கிடந்தால் கெட்ட உழவா?

மேலநீலிதநல்லூர் பக்கம் புஞ்சை என்றால் செவல், கரிசல் இரண்டும்தான் பேச்சு. உளுந்தோ மக்காச்சோளமோ பருத்தியோ, எதை விதைத்தாலும் மானாவாரிக்காரர் கண் ஐப்பசி, கார்த்திகை மழை மேல்தான். அந்த மழை வரும்போது நிலத்தின் மேல்முகம் எப்படிக் கிடக்க வேண்டும் என்பதில் தவறான நம்பிக்கைகள் வேர்விட்டிருக்கின்றன.

நம்பிக்கை: கட்டி தெரியாமல் மாவாக உழுவதே நல்ல உழவு.

ரோட்டாவேட்டர் ஓட்டிய செவக்காடு பார்க்க அழகுதான். விதைக்கும் நேரத்தில் மேல்மண் பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பதும் சரி. ஆனால் கோடையிலேயே மண்ணை மாவாக்கிவிட்டால், முதல் கனத்த மழையின் துளிகள் அந்தப் பொடியைக் கரைத்து மண்துளைகளை அடைத்துவிடும். வெயில் பட்டதும் மேலே ஓடு கட்டும். அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் வழுக்கி ஓடைக்குப் போய்விடும். முளைத்து வரும் விதையும் ஓட்டை முட்டித் திணறும்.

கட்டியும் குழியுமாகக் கிடக்கும் நிலத்திலோ ஒவ்வொரு குழியும் ஒரு சின்னக் குளம். ஓர் ஏக்கரில் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 4,000 லிட்டருக்கு மேல். மூன்று மில்லிமீட்டர் என்றால் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று உங்கள் காட்டில் வந்து ஊற்றிவிட்டுப் போன மாதிரி!

காற்றையும் மறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று நம் வட்டாரத்துக் காற்றாலைகளையே சுழற்றுகிறது. மாவாகக் கிடக்கும் மண்ணை அது விடுமா? சத்துள்ள நுண்மண்தான் முதலில் பறக்கும். கட்டிகள் தரையை ஒட்டிய காற்றின் வேகத்தைத் தணித்து, உருண்டுவரும் மணலைப் பள்ளங்களில் பிடித்துக்கொள்ளும்.

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பழமொழியை மாவாக்குவதற்குச் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. என் கருத்தில் அது கோடை உழவின் பெருமையைச் சொல்லும் மொழி. மண்ணை அரைக்கச் சொல்லும் மொழி அல்ல.

நம்பிக்கை: கரடுமுரட்டைக் கண்ணால் பார்க்கலாம், அளக்க முடியாது.

சைக்கிள் செயின் போதும். காற்று மண்ணரிப்பை ஆராய்ந்த அலி சாலே 1993இல் அமெரிக்காவில் எழுதிய முறை இது. ஒரு மீட்டர் செயினை உழுத மண்ணின் மேடு பள்ளத்தோடு ஒட்டிப் படியும்படி கிடத்துங்கள். இரு முனைகளுக்கும் இடையே நேராக டேப் பிடியுங்கள். 88 சென்டிமீட்டர்தான் இருக்கிறதா? குறைந்தது 12. நூற்றுக்கு 12 என்பதுதான் அந்த இடத்தின் முரட்டளவு. பரம்படித்த நிலத்தில் அது பூஜ்யத்தை நெருங்கும். சால் போக்கில் அளந்தால் கட்டிகளின் முரடு தெரியும். சாலுக்குக் குறுக்கே அளந்தால் சாலின் மேடும் சேர்ந்துவரும். இரண்டையும் தனித்தனியாக, பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

இந்த முறைக்குக் குறையும் உண்டு. பெரிய மேடு ஒன்றும் சின்னக் கட்டிகள் பலவும் ஒரே எண்ணைக் காட்டலாம். செயினின் கண்ணி அரை அங்குலம் என்பதால், அதைவிடச் சிறிய முரடு அதில் பதியாது. துல்லியம் வேண்டுவோர் ஒரு சட்டத்தில் வரிசையாகக் கம்பிகளை இறக்கி, ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்து, அவற்றின் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுவார்கள். இப்போது லேசர் கருவியாலும், கைபேசியில் பல கோணங்களில் எடுத்த படங்களாலும் அதே வேலை நடக்கிறது.

நம்பிக்கை: ஒருமுறை உழுதால் பருவம் முழுக்க அப்படியே இருக்கும்.

இருக்காது. முதல் சில மழைகளிலேயே முரடு வேகமாகக் கரையும், பிறகு மெதுவாகக் குறையும். கரிசல் கட்டி நனைந்து காய்ந்து தானாகவே உதிரும். அதனால் உழுத அன்று ஒருமுறை, ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் ஒருமுறை அளப்பதே கணக்கு.

நம்பிக்கை: எந்தத் திசையில் உழுதாலும் ஒன்றுதான்.

சரிவோடு உழுத சால் ஒவ்வொன்றும் வாய்க்கால். செயின் பெரிய எண்ணையே காட்டினாலும் தண்ணீர் நிற்காது. சரிவுக்குக் குறுக்கே உழுதால்தான் முரடு தன் வேலையைச் செய்யும்.

நம்பிக்கை: செயற்கைக்கோள் எல்லாவற்றையும் அளந்துவிடும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் என்ற ராடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. மண்ணின் ஈரத்தை அறிவதும் அதன் பணிகளில் ஒன்று. ஆனால் ஈரம் கூடினாலும் ராடார் எதிரொலி கூடும். முரடு கூடினாலும் கூடும். மழமழப்பான நிலமோ கண்ணாடிபோல் அலையை மறுபக்கம் தள்ளிவிடும். ஆகவே ஈரமான மழமழப்பு நிலமும் காய்ந்த கரடு நிலமும் படத்தில் ஒன்றுபோல் தெரியக்கூடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, நிசார் தலைக்கு மேல் போன அன்று அந்தக் காட்டில் செயின் காட்டிய எண் யாராவது ஒருவரின் நோட்டில் இருக்க வேண்டும்.