எழுத்துப் பயிற்சியில் சகமாணவியின் துணை

கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலர் முதலில் தேடுவது ஒரு மாதிரிக் கட்டுரையைத்தான். பிரத்தியேக வகுப்பில் தந்த தாளோ, வீட்டில் மூத்தவர்கள் எழுதிக் கொடுத்ததோ மனனமாகிப் பரீட்சைத் தாளில் இறங்கிவிடுகிறது. புள்ளி கிடைக்கலாம். ஆனால் நாளை பல்கலைக்கழகத்திலோ தொழிலிலோ, யாரும் மாதிரி தராத ஒரு விடயத்தைப் பற்றி எழுத வேண்டி வரும்போது கை நின்றுவிடும். இக்குறையைத் தீர்க்கச் செலவில்லாத வழி ஒன்று நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. ஒரு மாணவி எழுதியதை இன்னொரு மாணவி வாசித்துக் கேள்வி கேட்பதே அது.

நமக்குப் புதியதல்ல

குர்ஆன் மத்ரஸாவில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதையும், மனனம் செய்பவர்கள் இருவராக அமர்ந்து ஒருவர் ஓத மற்றவர் கேட்பதையும் நாம் கண்டிருக்கிறோம். தமிழர் திண்ணைப் பள்ளிகளில் இவ்வேலையைச் செய்தவர் சட்டாம்பிள்ளை.

1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தமது இல்லத்திலும் அதைத் தொடங்க விரும்பினார். ஆசிரியர் முடியாது என்றபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797 இல் லண்டனில் அவர் இதை நூலாக வெளியிட, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரித்தானியாவில் பரவியது.

எனினும் அம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. எழுத்தையும் வாய்ப்பாட்டையும் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லிப் படிக்கலாம். கட்டுரையை அப்படிப் படிக்க முடியாது. அதற்குச் சொந்தச் சிந்தனை வேண்டும்.

திருத்துவதா, கேட்பதா?

1970 இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரில் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. எழுதச் சிரமப்பட்ட பலரும் உள்ளே வந்தனர். ஆனால், விரிவுரையாளர்கள் தர முன்வந்த உதவியைப் பலர் நாடவில்லை. அதுவும் இன்னொரு வகுப்பாகவே அவர்களுக்குத் தோன்றியது. அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூக்ளின் கல்லூரியின் பேராசிரியர் கென்னத் புரூஃபி, மாணவர்களையே பயிற்றி அப்பணியில் அமர்த்தினார். உதவி பெற்றவர்களோடு உதவியவர்களின் எழுத்தும் வளர்ந்ததை அவர் கண்டார்.

அவர் பழக்கியது எளிய காரியம். சரி, பிழை சொல்லுமுன், ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது, கட்டுரையில் அது என்ன வேலை செய்கிறது என்று வாசிப்பவர் விவரிக்க வேண்டும். தான் சொல்ல நினைத்தது வாசிப்பவரைச் சேரவில்லை என்பது எழுதியவருக்கு அப்போதே விளங்கிவிடும்.

சவளக்கடை மாணவி ஒருத்தி ‘வெள்ள அனர்த்தம்’ பற்றி எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். “இயற்கை அனர்த்தங்கள் மனித குலத்தை வாட்டி வதைக்கின்றன” என்று தொடங்குகிறாள். வாசித்த தோழி கேட்கிறாள்: “கிட்டங்கியில வெள்ளம் பாய்ஞ்ச நாளையில நீ எப்படி ஸ்கூலுக்கு வந்த?” பதில் உடனே வருகிறது: “மெசின் பெட்டியில ஏறித்தான் வந்தன். வாப்பா என்ட சப்பாத்தக் கையில வெச்சிருந்தாரு.” அவளுடைய கட்டுரையின் முதல் பந்தி அந்தப் பதிலில்தான் இருக்கிறது. எந்த மாதிரித் தாளிலும் அது கிடைக்காது.

எப்படித் தொடங்கலாம்?

வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் போதும். எழுதியவளே தன் கட்டுரையை உரத்து வாசிக்கட்டும். இடறும் வசனங்களை அவளுடைய காதே காட்டிக் கொடுக்கும். பின்னர் தோழி தனக்கு விளங்கியதைச் சொல்லி, விளங்காததைக் கேட்கட்டும். எழுத்துப் பிழைகளை இறுதியில் பார்க்கலாம். ஐயம் வந்தால் அகராதியும் ஆசிரியரும் இருக்கிறார்கள். தோழியின் தாளில் கண்டதை வெளியில் சொல்லிச் சிரிப்பது நம்பிக்கையைக் கெடுக்கும்; அடுத்த முறை அவள் தாளைத் தர மாட்டாள்.

முக்கியமானது ஒன்று: பேனா எழுதியவளின் கையிலேயே இருக்க வேண்டும். தோழி ஒரு வசனத்தை எழுதிக் கொடுத்தால், அதுவும் இன்னொரு மாதிரிக் கட்டுரைதான்.

உதவும் மாணவிக்கு நேரம் வீணாகிறதே என்று பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை. பிறர் எழுத்தில் குழப்பம் எங்கே என்று தேடிப் பழகியவள், தன் எழுத்திலும் அதைக் கண்டுகொள்வாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளை எழுதும்போது உம்மாவும் வாப்பாவும் இதையே செய்யலாம். எழுதிக் கொடுக்காமல், “இது எனக்கு விளங்கல்லியே மகள், என்ன சொல்ல வாறீங்க?” என்று கேளுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தக் கட்டுரை அவளுடையதாக இருக்கும்.