முளைக்குமா, பொரிக்குமா, ஊருமா?
கலாபகோஸ் தீவுகளுக்குப் போகத் திட்டமிடுவோர்க்கு ஒரு பாடம்

நமது சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் இருக்கிறார்கள். பெற்றோர் அங்கே சில மாதங்கள் தங்கப் போகும்போது, "விடுமுறையில் எல்லோருமாக எங்காவது போய் வரலாம்" என்ற பேச்சு எழுகிறது. அப்படிப் பேசப்படும் இடங்களில் கலாபகோஸ் தீவுகளும் ஒன்று. எரிமலைகளால் ஆன தீவுகள்; மனிதனைக் கண்டால் ஓடாத விலங்குகள். போக வேண்டிய இடம்தான். ஆனால் ஊட்டிக்கும் கோவாவுக்கும் திட்டமிடுவதுபோல் இதற்குத் திட்டமிட முடியாது.

ரயில் பாதைப் பராமரிப்பில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. வேலையைத் திட்டமிடும்போது முதலில் ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பதில்லை. வண்டிகள் ஓடாமல் பாதை எத்தனை மணி நேரம் நமக்குக் கிடைக்கும் என்று பார்ப்போம். அதற்குள் அடங்குகிற வேலையைத்தான் எடுப்போம். கலாபகோஸுக்கும் அதே முறைதான். நம் வசதியிலிருந்து தொடங்காமல், தீவு எதை அனுமதிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1. இடத்தை அறிதல்

கலாபகோஸ், தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்தது. கடற்கரையிலிருந்து சுமார் 1000 கி.மீ. மேற்கே, பசிபிக் கடலில் இருக்கிறது. பெரிய தீவுகள் 13. அவற்றில் மிகப் பெரியது இசபெலா. மொத்த நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரு தீவே. வடக்கிலிருந்து தெற்காக வுல்ஃப், ஈக்வடார், டார்வின், அல்செடோ, சியர்ரா நெக்ரா, செர்ரோ அசூல் என்ற ஆறு எரிமலைகள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து உருவான தீவு இது. பூமத்திய ரேகை இதன் வட பகுதி வழியே செல்கிறது. சியர்ரா நெக்ரா 2005-லும் 2018-லும், வுல்ஃப் 2015-லும் 2022-லும் வெடித்தன.

பூமியின் ஆழத்தில் சூடு மேலெழும் இடம் ஒன்று அப்படியே நிற்க, அதன் மேலுள்ள நாஸ்கா என்ற நிலத்தட்டு கிழக்கு நோக்கி மெதுவாக நகர்கிறது. ஆகவே கிழக்கேயுள்ள தீவுகள் மூத்தவை. மேற்கேயுள்ள இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும் இளையவை. நிலம் இன்னும் அசைகிறது என்பதற்கு இசபெலாவின் மேற்குக் கரையிலுள்ள உர்பினா விரிகுடா சாட்சி. 1954-ல் அங்கே கடலடி திடீரென்று பதினைந்து அடிக்கு மேல் உயர்ந்தது. கடலுக்குள் வளர்ந்த பவளப் பாறைகள் இன்று தரைமேல் நிற்கின்றன.

இத்தீவுகள் ஒருபோதும் கண்டத்தோடு சேர்ந்திருந்ததில்லை. பறந்தோ, நீந்தியோ, மிதக்கும் மரத்தைப் பற்றிக்கொண்டோ வந்து சேர்ந்த சில உயிர்களே அங்கே பெருகின. புலி, நரி, பூனை போன்ற வேட்டை விலங்குகள் அங்கே இயல்பாக இருந்ததில்லை. எனவே அந்த உயிர்களுக்கு அச்சம் என்ற பாடமே தேவைப்படவில்லை. சார்லஸ் டார்வின் 1835 செப்டம்பர், அக்டோபரில் ஐந்து வாரங்கள் இங்கே இருந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய பரிணாமக் கொள்கைக்கு இங்கே கண்டவை துணையாக நின்றன.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பூமத்திய ரேகையில் பெங்குவின் எப்படி வாழ்கிறது என்று கேட்கலாம். விடை கடலில் இருக்கிறது. தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. கடலுக்கு அடியில் மேற்கிலிருந்து வரும் குரோம்வெல் நீரோட்டம் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. அந்தக் குளிர்ந்த நீரில் உணவுச் சத்து மிகுதி. சத்து இருந்தால் மீன். மீன் இருந்தால் பெங்குவின், நீர்க்காகம், கடல்சிங்கம்.

ஜனவரி முதல் மே வரை வெப்பமும் இடையிடையே மழையும் இருக்கும். கடல் அமைதியாகவும் நீர் இதமாகவும் இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்ச்சி, மேகமூட்டம், மேட்டு நிலங்களில் தூறல். அப்போது கடல் உயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும்; ஆனால் அலை அதிகம். பேரப்பிள்ளைகளின் அமெரிக்கக் கோடை விடுமுறை இந்த இரண்டாவது பருவத்தில்தான் விழுகிறது. படகில் தலைசுற்றலும் வாந்தியும் வருபவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்வது நல்லது.

சில ஆண்டுகளில் எல் நினோ வந்து கடல் சூடாகிவிடும். மீன் குறையும். 1982-83 எல் நினோவில் கலாபகோஸ் பெங்குவின்களில் நான்கில் மூன்று பங்கு அழிந்தன. எனவே நாள் குறிக்கும் முன் அந்த ஆண்டு எல் நினோ உண்டா என்று பார்த்துக்கொள்க.

3. கப்பலா, கரையா?

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சிறு கப்பலிலேயே தங்கித் தீவு தீவாகச் செல்வது. பறக்க இயலாத நீர்க்காகம் உலகிலேயே ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவிலும் மட்டும்தான் உண்டு. அவற்றைக் காணும் மேற்குக் கரைக்குக் கப்பல்தான் வழி. ஒரு கப்பல் ஒரே இடத்திற்கு இரு வாரங்களுக்குள் இரண்டாம் முறை போகக்கூடாது என்ற விதி உண்டு. ரயில்வேயில் பெட்டித் தொடர்களுக்கு "ரேக் லிங்க்" போடுவதுபோல் ஒவ்வொரு கப்பலுக்கும் சுற்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். ஆகவே கப்பலின் பெயரையும் விலையையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாமல், எந்த நாளில் எந்த இடம் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குக.

இரண்டாவது, கரையில் விடுதியில் தங்கிப் பகலில் சென்றுவருவது. செலவு குறைவு, முதியோருக்கும் ஏற்றது. இசபெலாவின் தெற்கேயுள்ள புவெர்டோ வில்லாமில் சிற்றூரில் தங்கினால், நடக்கும் தூரத்தில் பூநாரைகள் வரும் குளமும் ராட்சத ஆமைகளை வளர்க்கும் நிலையமும் உள்ளன. துறைமுகத்தை ஒட்டிய பாறைத் திட்டுகளில் பெங்குவினும் கடல் இகுவானாவும் காணலாம். கடலில் மூழ்கிப் பாசி மேயும் பல்லி இனம் உலகில் இந்த இகுவானா ஒன்றே. உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியே பீச்சி வெளியேற்றும். குழந்தைகள் மிகவும் ரசிப்பார்கள்.

கால் வலுவுள்ளவர்கள் சியர்ரா நெக்ராவின் விளிம்புக்கு ஏறலாம். உச்சியிலுள்ள பள்ளம் சுமார் 10 கி.மீ. அகலம். போய்வர ஒரு முழுப் பகல் நடை. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு வேண்டாம். மேலும் பயணச் சிட்டையில் "ஈர இறக்கம்" என்று இருந்தால், படகிலிருந்து முழங்கால் அளவு நீரில் இறங்கிக் கரையேற வேண்டும் என்று பொருள். முதியோரை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்க.

4. தாள்களும் பணமும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர்க்கு ஈக்வடார் 2019 ஆகஸ்டில் விசாவைக் கட்டாயமாக்கியது. வேறு நாட்டு விசா கையிலிருந்தால் சலுகை உண்டா என்பதைத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்க. அமெரிக்கா வழியாகப் போவதானால் விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும்.

ஈக்வடார் தலைநகர் கீட்டோ 2850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூச்சுத் தொல்லை, இருதய நோய் உள்ளவர்கள் கடல் மட்டத்திலுள்ள குவாயாகில் நகர் வழியே போவது உசிதம். இரண்டு ஊர்களிலிருந்தும் தீவுகளுக்கு விமானம் உண்டு.

அதிகம் பேர் கவனிக்காதது மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஈக்வடாரிலிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்து சேர்பவரிடம் இதன் சான்றிதழ் இல்லாவிட்டால், நம் விமான நிலையத்திலேயே பிரித்துத் தனிமையில் வைக்கலாம். ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட வேண்டும். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பக்கவிளைவு வாய்ப்புச் சற்று அதிகம். எனவே மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் போட்டுக்கொள்ளக்கூடாது.

தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலராகவும், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 100 டாலராகவும் உயர்த்தப்பட்டது. ஈக்வடாரில் 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரே நாணயம்.

5. பெட்டியில் என்ன இருக்கக்கூடாது?

இந்தப் பாடத்தின் உயிர்நிலை இதுதான். நாம் எங்கே புறப்பட்டாலும் சாப்பாட்டுப் பை முதலில் தயாராகும். கறிவேப்பிலைக் கொத்து, நாலு பச்சைமிளகாய், எலுமிச்சம்பழம், சிறு டப்பாவில் கடுகும் வெந்தயமும், பெண்களின் தலையில் பூச்சரம், பெரியவர்களிடம் வெற்றிலை. டெல்லிக்கோ டெட்ராய்ட்டுக்கோ பழகிய அதே கையோடு கலாபகோஸுக்கும் கட்டிவிடுவோம். அங்கே இது பெருங்கேடு.

வந்தேறி உயிர்கள் அங்கே என்ன செய்தன என்று பாருங்கள். மாலுமிகளும் குடியேறியவர்களும் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகள் பெருகி இசபெலாவின் வட பகுதிக்கும் பரவின. அல்செடோ எரிமலையின் மேல் வறண்ட பருவத்தில் மழை இல்லை. மூடுபனி மரங்களில் படிந்து சொட்டும் நீர் குட்டையாகத் தேங்கும். அதுதான் ஆமைகளின் தண்ணீர். ஆடுகள் மரஞ்செடிகளைத் தின்றன, சொட்டு நின்றது, குட்டை வற்றியது. 2006 வரை நடந்த பெருந்திட்டத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஆடுகளை ஹெலிகாப்டர் வைத்து அகற்ற வேண்டியதாயிற்று. சுமார் ஒரு கோடி டாலர் செலவு.

ஆடாவது கண்ணுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த ஓர் ஈயின் புழுக்கள் கூட்டிலுள்ள குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இசபெலாவின் அலையாத்திக் காட்டில் மட்டும் வாழும் ஒரு குருவி இனத்தில் நூறளவே மிஞ்சியிருப்பதற்கு இந்த ஈயும் எலியும் முக்கியக் காரணம்.

செடிகளின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. நம் காடுகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் புதராய் மண்டும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் அதன் குணம் கேங்மேன்களுக்கு நன்றாகத் தெரியும். அதே உண்ணிச்செடி கலாபகோஸிலும் தோட்டத்திற்கென்று வந்து பரவிவிட்டது. நாம் விரும்பித் தின்னும் கொய்யா இசபெலாவின் மேட்டு நிலத்தில் அடர்ந்த களை. இந்தியா முதலான ஆசிய நாடுகளின் மலைச்சரிவுக்கு உரிய முட்பெர்ரி ஒன்றும் அங்கே காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. கொண்டுபோனவர்கள் யாரும் கெடுதல் நினைக்கவில்லை.

எனவே பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். ஈரத்துணியில் கட்டி வைத்தால் முளைக்குமா? உள்ளே முட்டை இருந்து பொரிக்குமா? ஒளிந்திருக்கும் பூச்சி ஊருமா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும், "தெரியவில்லை" என்றாலும் அது வீட்டிலேயே இருக்கட்டும். கடுகு முளைக்கும், கூடாது. பூவில் பூச்சி இருக்கும், கூடாது. முத்திரையிட்ட பொட்டலத்தில் வரும் உணவுகளையும் அதிகாரப்பூர்வமான பட்டியலைப் பார்த்தே எடுத்து, அறிவிப்புப் படிவத்தில் எழுதுக. காலணியின் அடிப்புறத்தைப் பிரஷ் போட்டுக் கழுவி, மடிப்புகளில் ஒட்டிய புல்விதைகளை எடுத்துவிடுக. ஈக்வடார் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்து முத்திரையிட்ட பிறகே தீவுக்கு ஏற்றுவார்கள்.

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஈக்வடாரில் சோறும், பயறு அல்லது பருப்பில் செய்த "மெனெஸ்ட்ரா" என்ற கெட்டிக் குழம்பும் சாதாரண உணவு. வாழைக்காயைத் தட்டிப் பொரித்தும் தருவார்கள். சைவர்கள் அதில் இறைச்சியோ கொழுப்போ சேர்ப்பதுண்டா என்று கேட்டு உண்க.

6. அங்கே நடந்துகொள்ளும் முறை

நிலப்பரப்பில் 97 விழுக்காடு 1959 முதல் தேசியப் பூங்கா. 1978-ல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் போகலாம். ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் இல்லை. விலங்கிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவே நம்மருகில் வந்தாலும் தொடக்கூடாது, தீனி போடக்கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது. கல், சிப்பி, மணல் எதையும் நினைவுக்கென்று எடுத்துவரக்கூடாது.

இவற்றைக் குழந்தைகளுக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே சொல்லிப் பழக்க வேண்டும். அங்கே போய் அதட்டுவதில் பயனில்லை. அங்குள்ள விலங்கு நம்மைக் கண்டு ஓடாது. ஆகவே விலக வேண்டியவர்கள் நாம்தான்.

இளைய வாசகர்களுக்குச் சில கேள்விகள்

அ) இசபெலா தீவின் ஆறு எரிமலைகளின் பெயர்களை வடக்கிலிருந்து தெற்காகக் கூறுக.
ஆ) பூமத்திய ரேகையில் பெங்குவின் வாழ உதவும் இரு நீரோட்டங்கள் எவை?
இ) ஆடு மரத்தைத் தின்றால் ஆமைக்குத் தண்ணீர் குறைவது எப்படி?
ஈ) உங்கள் வீட்டுச் சமையலறை அஞ்சறைப் பெட்டியில் உள்ளவற்றில் எவை முளைக்கும், எவை முளைக்காது? அம்மாவின் அனுமதியோடு ஈரத்துணியில் கட்டிச் சோதித்துப் பார்க்கவும்.

முதல் மூன்றின் விடைகள் கட்டுரையிலேயே உள்ளன. நான்காவதன் விடையைச் சில நாட்களில் துணியைப் பிரித்துப் பார்த்து எழுதிக்கொள்ளவும்.