ஒரே தாளில் தமிழும் மலையாளமும்: கையெழுத்து எழுத்துருவில் எதை எடுப்பது?

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதி கோயிலைத் தாண்டிச் சாலை கடைத்தெருப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறவர்களில் சிலருக்குத் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். பார்க்கக் கையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட எழுத்துரு இரண்டு மொழிக்கும் கிடைக்கிறது. அவை ஒன்றோடொன்று சேருமா என்பதுதான் கேள்வி.

மலையாளத்தில் எனக்கு மிகப் பிடித்தது சிலங்கா. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்புக்காக சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கியது; 2014-இல் வெளியானது. 1971-இன் எழுத்துச் சீர்திருத்தம் உகரக் குறியைத் தனியே பிரித்து வைத்தது. சிலங்காவிலோ அது பழைய முறையில் எழுத்தோடு ஒட்டி வளைந்தே வருகிறது. பேனாவை எடுக்காமல் எழுதிய சாயல் அதனால்தான் கிடைக்கிறது.

தமிழில் அதற்கு இணையாகக் கண்ணில் படுவது கவிவாணர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, அழகானது. ஆனால் எழுத்துகள் சாய்ந்திருக்கும். சிலங்கா பக்கத்தில் வைத்தால் ஒன்று சாய்ந்தும் மற்றது நிமிர்ந்தும் நிற்பது கண்ணை உறுத்தும். இரண்டிலும் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. பெயரை மட்டும் அழுத்தமாகக் காட்ட வழியில்லை. கவிவாணரைத் தமிழ் மட்டுமே உள்ள வாழ்த்து அட்டைக்கும் புத்தக அட்டைக்கும் எடுங்கள். சிலங்காவை மலையாளத் தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரு மொழிப் பத்திரிகைக்கு நான் அரிமாவைத்தான் சொல்வேன். முனைகள் மென்மையாக, தூரிகை ஓடியதுபோன்ற சாயல். தமிழ், மலையாளம், லத்தீன் மூன்றும் ஒரே குடும்பத்தில் இருப்பதால் அருகருகே வைத்தாலும் ஒரே கையில் எழுதியதுபோல் இருக்கும். மெலிந்ததிலிருந்து தடித்தது வரை வேண்டிய தடிமனும் உண்டு.

கடைப் பலகை என்றால் கதையே வேறு. பஸ்ஸில் போகிறவர் படிக்க வேண்டும். மெல்லிய கோடு தூரத்தில் கரைந்துவிடும். அதற்கு ஏக் டைப் நிறுவனத்தின் பலூ: மலையாளத்துக்கு பலூ சேட்டன், தமிழுக்கு பலூ தம்பி. உருண்டை உருண்டையாக, தடித்து நிற்பவை. இவை கையெழுத்து இல்லை என்பது உண்மை, ஆனால் அந்த நெருக்கம் இவற்றிலும் உண்டு. நான் சொன்ன எழுத்துருக்கள் எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கடைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எதை எடுத்தாலும் நாள், நேரம், மண்டபத்தின் முகவரி ஆகியவற்றைக் கையெழுத்து எழுத்துருவில் போட வேண்டாம். சிறிய அளவில் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். புள்ளி போனால் ‘க்’கும் ‘க’வாகிவிடும். அவற்றைச் சாதாரண எழுத்துருவிலேயே போடச் சொல்லுங்கள்.

டிடிபி கடையில் முதலில் கேட்க வேண்டியது யூனிகோட் உண்டா என்பது. மலையாளத்துக்குப் பழைய கார்த்திகா வகை எழுத்துருவிலேயே வேலை செய்கிற கடையென்றால், செல்போனிலிருந்து நீங்கள் அனுப்பிய வாசகத்தை மறுபடி தட்டச்சு செய்வார்கள் அல்லது மாற்றிப் போடுவார்கள். பிழை புகுவது அங்கேதான். ஃபோட்டோஷாப்பில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். ‘பழவங்காடி’ என்று இரு மொழியிலும் அடித்து, தாளிலேயே ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள். ‘ழ’வின் வால் கீழ் வரியில் முட்டுகிறதா, மலையாளத்தின் இரட்டை ‘ங’ கூட்டெழுத்து சிதறாமல் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பாட்டி எழுதுகிற துதிக்கை போட்ட ‘லை’தான் வேண்டும் என்றால், 1978-இன் தமிழ்ச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த எழுத்துருக்களில் அதைத் தேடி அலைய வேண்டாம். மணமக்கள் பெயரைப் பாட்டியையே வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதச் சொல்லி, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வையுங்கள். மீதியை அரிமா பார்த்துக்கொள்ளும்.