கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஓடாமல்

தோல் கம்பெனியில் டேட்டாபேஸ் ஒன்றுதான். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள்தான் நாற்பதுக்கு மேல். பச்சைத் தோல் வரவு எழுதும் கோடவுன், வெட் புளூ லாட் பதியும் இடம், கிரஸ்ட் செலக்‌ஷன், அளவு மெஷின் பக்கத்து மேசை, கெமிக்கல் ஸ்டோர், மாடியில் கணக்கும் ஷிப்பிங்கும். எல்லாவற்றிலும் ஆரக்கிள் கிளையன்ட் ஓடியாக வேண்டும். மேல்விஷாரத்து அலுவலகங்களில் இந்த வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிளையன்ட்டை ஏற்றுவது சின்ன வேலை. அது சர்வரைத் தேடிப் போகிற முகவரியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பிறகு வரும் நிம்மதியும் தலைவலியும் இருக்கின்றன.

அந்த முகவரி டிஎன்எஸ்நேம்ஸ் (tnsnames.ora) என்ற சிறிய கோப்பில் இருக்கும். சர்வர் பெயர், 1521 என்ற போர்ட், சர்வீஸ் பெயர், அவ்வளவுதான். பழைய அலுவலகங்களில் இந்தக் கோப்பு மேசைக்கு ஒரு விதமாக இருக்கும். ஒன்றில் ஐபி எண், ஒன்றில் பழைய சர்வரின் பெயர், இன்னொன்றில் இரண்டும். சர்வரை மாற்றுகிற நாளில்தான் இது வெளியே வரும். அதனால் முதல் வேலை, ஐபி எண்ணை எங்கும் எழுதாமல் டிஎன்எஸ் (DNS) பெயரை மட்டும் எழுதுவது. சர்வர் மாறினால் டிஎன்எஸ்ஸில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

அடுத்தது டிஎன்எஸ்_அட்மின் (TNS_ADMIN) என்ற சூழல் மாறி. எந்த ஃபோல்டரில் அந்தக் கோப்பைத் தேட வேண்டும் என்று கிளையன்ட்டுக்குச் சொல்வது இதுதான். சிலர் இதை நேராக நெட்வொர்க் ஷேருக்குத் திருப்பிவிடுவார்கள். கோப்பு ஒரே இடத்தில் இருக்கும், வசதிதான். ஆனால் மின்சாரம் போய் வந்த பிறகு எந்த சர்வர் முதலில் எழும் என்று யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஷேர் சர்வர் எழாததால் ஒருவராலும் உள்ளே போக முடியாது. நான் மூலக் கோப்பை ஷேரில் வைத்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அதன் நகலை உள்ளூர் ஃபோல்டருக்கு இறக்கும்படி வைக்கிறேன். ஷேர் கிடைக்காவிட்டால் நேற்றைய நகல் இருக்கும்.

முழு கிளையன்ட்டா, இன்ஸ்டன்ட் கிளையன்ட்டா? முழு கிளையன்ட்டையும் ரெஸ்பான்ஸ் ஃபைல் கொடுத்துக் கேள்வி கேட்காமல் ஏற்றலாம். ஆனால் நாற்பது மேசைக்கு இன்ஸ்டன்ட் கிளையன்ட்தான் என் தேர்வு. ஜிப்பை விரித்து, பாத்தில் சேர்த்து, விஷுவல் சி++ தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஓடிபிசி வேண்டுமானால் அதன் தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய கிளையன்ட் ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டரில் பாத்தின் வரிசையைப் பாருங்கள். முன்னால் நிற்பதைத்தான் விண்டோஸ் எடுக்கும்.

பிறகு 32 பிட், 64 பிட். விண்டோஸ் 64 பிட்டாக இருப்பதால் கிளையன்ட்டும் 64 என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கிளையன்ட்டை அழைக்கும் புரோகிராம் எதுவோ அதுதான் கணக்கு. பழைய விஷுவல் பேசிக் பில்லிங்குக்கு 32. எக்செல்லில் ரிப்போர்ட் இழுப்பவருக்கு அவருடைய எக்செல் எதுவோ அது. இதில் குழப்பத்தைக் கூட்டுவது விண்டோஸின் ஃபோல்டர் பெயர்: சிஸ்டம்32-இல் இருப்பது 64 பிட் ஓடிபிசி நிர்வாகி, சிஸ்வாவ்64-இல் இருப்பது 32 பிட். சர்க்கரை டப்பாவில் உப்பு வைத்த கதைதான். எந்த மேசைக்கு எது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற, டொமைன் இருக்கும் அலுவலகத்தில் குரூப் பாலிசியின் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் போதும். அது ஆளின் பெயரில் ஓடாது, கம்ப்யூட்டரின் பெயரில் ஓடும். ஆகவே ஷேரில் ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் தோற்கும். ஏறியதும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பெயரையும் நேரத்தையும் ஒரு லாக் கோப்பில் எழுதட்டும்; எழுதாதவை எவை என்று பார்ப்பதுதான் மறுநாள் வேலை. டொமைன் இல்லாத சின்ன அலுவலகத்தில் பென் டிரைவும் ஒரு பேட்ச் கோப்பும் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

மொழியையும் மறக்க வேண்டாம். என்எல்எஸ்_லாங் மேசைக்கு மேசை வேறுபட்டால் ஒரு இடத்தில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும், இன்னொரு இடத்தில் தேதி மாறும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற சந்தேகம் ஷிப்பிங்கில் வரவே கூடாது.

ஏற்றி முடித்ததும் ஏதாவது ஒரு மேசையிலிருந்து அழைப்பு வரும். கோடவுன் பாய் ஒருமுறை சொன்னார்: “தம்பி, நேத்து வரைக்கும் ஓடிச்சு. நீ கை வெச்ச பிறகுதான் நின்னுச்சு.” கோபப்படாமல் பிழை எண்ணைக் கேளுங்கள். ஓஆர்ஏ-12154 என்றால் முகவரிக் கோப்பு கிடைக்கவில்லை, அல்லது அதில் அந்தப் பெயர் இல்லை. 12541 என்றால் சர்வரில் லிசனர் ஓடவில்லை, அல்லது போர்ட் தவறு. 12170 என்றால் நடுவில் ஃபயர்வாலோ கேபிளோ. 01017 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. கிளையன்ட் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பாய் சொன்னது 03113. வேலைக்கு நடுவே இணைப்பு அறுந்துவிடுகிறது. சர்வர் பக்கம் கோளாறு என்றாலும் இதே எண் வரும், ஆனால் மற்ற மேசைகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் அப்படியானால் முதலில் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். தோலின் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அதன் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அழுகிய முட்டை வாடை அதுதான். செம்பையும் வெள்ளியையும் அது கறுக்க வைக்கும். டிரம் பக்கத்துச் சுவரில் மாட்டிய ஸ்விட்சின் முனைகள் கறுத்துப்போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். புதுக் கிளையன்ட்டின் தலையில் பழி விழும். சர்வருக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டால் தெரிந்துவிடும். ஸ்விட்சை மூடிய அறைக்கு மாற்றினோம், இணைப்பு அறுவது நின்றது.

இது சின்ன விஷயமல்ல. இணைப்பு போனால் கோடவுனில் காகிதத்தில் குறித்து, மாலையில் தட்டச்சு செய்வார்கள். லாட் எண் மாறுவது அங்கேதான். லெதர் ஒர்க்கிங் குரூப் தணிக்கையில் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். லாட் எண் பிசகினால் அதற்குப் பதில் கிடையாது.

எப்போது ஏற்றுவது? வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகைக்கு மேசைகள் காலியாகும் நேரம் நல்லது. கன்டெய்னர் ஏறுகிற நாளும் மார்ச் கடைசி வாரமும் கூடாது. பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டராக முதலில் ஏற்றி, அங்கே தினமும் உட்காருகிறவரையே ஒரு லாட் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் பாஸ்வேர்டில் நாம் பார்ப்பது சோதனை ஆகாது. பழைய கிளையன்ட்டை, ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அழிக்க வேண்டாம்.