அமிலத்தின் செறிவும் வினையின் வேகமும்

அமிலத்தின் செறிவு கூடினால் வேதிவினையின் வேகமும் கூடும் என்று பாடத்தில் படித்தோம். அதைக் கண்ணால் காண எண்ணி, ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தோம்.

மூன்று முகவைகளில் 2 மோலார், 1 மோலார், 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டர் வீதம் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் 1 கிராம் சலவைக்கல் துண்டுகளை இட்டோம். முதல் முகவையில் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் பொங்கி எழுந்தன. மூன்றாவதிலோ மெல்ல மெல்ல வந்தன. ஆனால் ஒரு குழுவினருக்கு மட்டும் நீர்த்த அமிலத்திலேயே நுரை பொங்கியது! காரணம், அவர்கள் கல்லைப் பொடித்துப் போட்டிருந்தனர். ஒன்றின் விளைவை அறிய மற்றவை யாவும் மாறாதிருக்க வேண்டும் என்பதை அன்று மறக்க முடியாதபடி கற்றோம்.

செறிவு மிகுந்த கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் நெருக்கமாக இருக்கின்றன. எனவே அவை கல்லின் பரப்பில் அடிக்கடி மோதுகின்றன, வினை விரைகிறது. வினையின் வேகத்தை அளந்து கணித வடிவில் முதலில் தந்தவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்மி. அமிலம் கலந்த கரும்புச் சர்க்கரைக் கரைசலை ஆராய்ந்து, 1850இல் அவர் அதைச் செய்தார்.

"அப்படியானால் அமிலம் எப்போதும் வினையை விரைவுபடுத்துமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். விடை நம் ஊருக்கு அருகிலேயே இருந்தது.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்ரயிலில் சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. குரோம் முறையில் பதனிடும்போது தோலை முதலில் உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊற வைப்பர். அப்போது அமில நிலை பி.எச். 3 அளவில் இருக்கும். பிறகு குரோமியம் சல்பேட்டைச் சேர்ப்பர். தோலின் புரதத்திலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றிருப்பதால் குரோமியம் உடனே அவற்றுடன் பிணைவதில்லை. ஆகவே அது தோலின் உட்புறம் வரை சீராகப் பரவுகிறது. அதன்பின் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தைக் குறைத்தால் பிணைப்பு நிகழ்கிறது. தொடக்கத்திலேயே அமிலம் குறைந்திருந்தால் குரோமியம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். உட்பகுதி பச்சையாக நின்றுவிடும். இங்கே அமிலம் வினையைத் தாமதப்படுத்தி உதவுகிறது.

இதில் நம் நலமும் அடங்கியுள்ளது. வழக்கமான முறையில் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் பிடிக்காமல் கழிவுநீரில் போய்விடும். தோல் ஆலைகள் நிறைந்திருந்த நாகல்கேணிப் பகுதியில் நிலத்தடி நீர் குரோமியத்தால் மாசுற்றதை ஆய்வுகள் காட்டின. வினையைச் சரியாக நடத்தி, குரோமியம் முழுவதையும் தோலிலேயே பிடிக்கச் செய்வதற்கான வழிகளை, 1948இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வந்துள்ளது.

தோழியரே, இச்சோதனையை ஆசிரியை உடனிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. நாங்கள் மீந்த அமிலத்தை அப்படியே கொட்டவில்லை. சலவைக்கல் தூளை இட்டு, நுரை முற்றும் அடங்கிய பிறகே தொட்டியில் ஊற்றினோம்.