கடல் இல்லாத ஊரில் சுவரில் உப்பு

காமயகவுண்டன்பட்டியில் பழைய ஓட்டு வீடானாலும் புது மாடி வீடானாலும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் அப்பளம்போல் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். உடனே ஒரு யோசனை வரும்: "கடலோர வீடுகளுக்கு அடிக்கிற பெயிண்டை வாங்கி அடிச்சிட்டா உப்பு ஏறாது."

ஏறும். நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் உப்பு காற்றோடு வெளியிலிருந்து வருகிறது; ஜன்னல் கம்பியையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் துரு தின்ன வைக்கிறது. நமக்கு மேற்கே இருப்பது மலை. இங்கே உப்பு செங்கல்லில், மணலில், சிமெண்டில், கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரில், அஸ்திவார மண்ணில் இருக்கிறது. ஈரம் அதைக் கரைத்துச் சுவரின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும். உப்பு படிகமாக நின்று, பெயிண்டை உள்ளிருந்து தள்ளும். வெளியிலிருந்து வரும் உப்பைத் தடுக்கச் செய்த பெயிண்ட் இதற்கு என்ன செய்யும்?

ஆகவே முதல் செலவு தண்ணீருக்குத்தான். சாலை மேல் சாலை போட்டுத் தெரு வீட்டு மட்டத்தைத் தாண்டிவிட்டதா? பாத்ரூம் குழாய் கசிகிறதா? மாடித் தண்ணீர் சுவரோரமே கொட்டுகிறதா? அதைச் சரிசெய்யுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி ஓதத்தை மூடிவிடலாம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். காரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரம், வழி அடைபட்டதும் இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை இடுப்புக்கு வரும்.

"மேற்குச் சுவரில் கறுப்பாக இருப்பது வெறும் அழுக்கு, மேலேயே அடிக்கலாம்." இல்லை, அது பாசியும் பூஞ்சையும். திராட்சையில் பூஞ்சை வராமல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை தெளிக்கிற விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்மேற்குச் சாரல் படுகிற சுவரில் அது உயிரோடு இருக்கிறது. மூடிய பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வரும். பிளீச்சிங் கரைசல் பூசி, சற்று விட்டு, தேய்த்துக் கழுவி, காயவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்தக் கரைசலோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள்; எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

வொயிட் சிமெண்ட் அடித்தால் பிரைமர் வேண்டாம் என்பதும் பழைய பேச்சு. தண்ணீர் தெளித்து ஆற்றாத வொயிட் சிமெண்ட் மாவாக உதிரும். எமல்ஷன் அதோடு சேர்ந்து உரியும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவிலும் கிரில்லிலும் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தையின் மூளையைப் பாதிக்கும். நனைத்துத் தேயுங்கள், வேலை முடியும்வரை பிள்ளைகளை அப்பால் வையுங்கள்.

கடைசியாக, பொங்கல். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிப்பதே முறை என்று நினைக்கிறோம். வடகிழக்கு மழை டிசம்பர் வரை பெய்திருக்கும். சுவர் உள்ளே இன்னும் நனைந்தே இருக்கும். கனமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் முத்து கோத்திருந்தால் எமல்ஷனுக்கு நேரம் வரவில்லை. பொங்கலுக்குப் முன்பே வெள்ளையடித்த பழைய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள், அது ஈரத்தை அடைக்காது. எமல்ஷனை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள்; சித்திரையில் வரும் வீரபாண்டித் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருவதற்குள் வீடு தயாராகிவிடும்.